ஏ.சி. வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

பங்குனி பிறந்துவிட்டால் தெரிந்தவர்கள் எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றைத்தான். "எங்களுடையது பழைய வீடு. ஏ.சி. போட எவ்வளவு ஆகும்?" வீடுகளுக்கு வயரிங் செய்வதையே தொழிலாகக் கொண்டவன் நான். தொகையைச் சொல்லுமுன் நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். "உங்கள் வீட்டில் எர்த் இருக்கிறதா?" கசிகிற மின்சாரத்தை நம் உடம்பில் ஏறவிடாமல் மண்ணுக்குள் இறக்கிவிடும் வயர்தான் எர்த். பெரும்பாலானவர்கள் சுவரில் இருக்கும் மூன்று துளை பிளக்கைக் காட்டி, "இதோ இருக்கிறதே" என்பார்கள். துளை இருக்கும். பல வீடுகளில் அந்தத் துளைக்குப் பின்னால் வயர் இருக்காது.

கடையில் ஒன்றரை டன், மூன்று நட்சத்திர ஏ.சி. ஒன்று சுமாராக 35,000 ரூபாயிலிருந்து 45,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது, இதுதான் சமயம் என்று நிறையப் பேர் வாங்கினார்கள். வாங்கட்டும், நல்லதுதான். ஆனால் 'பொருத்தித் தருவது இலவசம்' என்று கடைக்காரர் சொல்வதில் என்னவெல்லாம் அடங்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி, நடுவில் பெரும்பாலும் மூன்று மீட்டர் காப்பர் குழாய், அவ்வளவுதான். மீட்டர் பெட்டியிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் மின்சாரம் எப்படி வந்து சேரும் என்பது உங்கள் பாடு.

நான் பேசுவது எந்த மாதிரி வீடுகளைப் பற்றி என்று சொல்லிவிடுகிறேன். மயிலாப்பூரிலும் திருவல்லிக்கேணியிலும் இன்னும் இருக்கின்றன. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்திட்டு அடுக்கி, சுண்ணாம்புக் காரை போட்ட மெட்ராஸ் டெரஸ் தளம். கும்பகோணத்திலும் மதுரையிலும் வேறு வகைப் பழைய வீடுகள். இவற்றில் வயரிங் செய்த காலத்தில் நாலு விளக்கு, இரண்டு மின்விசிறி, ஒரு ரேடியோ இருந்தால் வசதியான குடும்பம். மரப்பட்டையின் மேல் வயரை ஓட்டி, இடையிடையே தகரக் கிளிப் அடித்திருப்பார்கள். வேலை சுத்தமாகத்தான் செய்தார்கள். அந்தக் காலத்து லோடுக்கு அது போதும்.

ஒரு மின்விசிறி சுமார் 75 வாட். ஒன்றரை டன் ஏ.சி. ஏறத்தாழ 1,500 வாட். இருபது விசிறிகளை ஒரே வயரில் மாட்டி, இரவு முழுவதும் ஓடவிடுகிற மாதிரி. வயருக்குள் ஓடும் மின்னோட்டம் இரண்டு மடங்கானால் அதில் பிறக்கும் சூடு நாலு மடங்காகிறது. தயவுசெய்து இதை மறந்துவிடாதீர்கள். இரண்டு மடங்கு மின்னோட்டம், நாலு மடங்கு சூடு. பழைய விளக்கு லைனில் ஏ.சி.யை ஓட்டுவது குறுகிய சந்துக்குள் தேரை இழுப்பது போலத்தான்.

மயிலாப்பூரில் ஒரு வீடு. பெயர் வேண்டாம். பெரியவர் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வருகிறாள், கத்திரி வெயிலில் குழந்தை பிறக்கப் போகிறது என்று ஏ.சி. வாங்கிவிட்டார்கள். பொருத்த வந்தவர்கள் கிரைண்டருக்காகப் போட்டிருந்த பவர் பிளக்கில் செருகிவிட்டுப் போய்விட்டார்கள். கம்ப்ரசர் ஓட ஆரம்பிக்கும்போதெல்லாம் கூடத்து விளக்கு ஒரு கணம் மங்கியது. இரண்டாம் நாள் இரவு ஃபியூஸ் போனது. மாற்றினார்கள். மறுபடியும் போனது. யாரோ உதவிக்கு வந்தவர், "மெல்லிய கம்பி அம்மா, அதனால்தான் போகிறது" என்று சொல்லி, ஃபியூஸ் கட்டையில் தடித்த கம்பியைச் சுற்றிவிட்டார். அதற்குப் பிறகு ஃபியூஸ் போகவில்லை. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

நேயர்களே, ஃபியூஸ் போவது பழுது அல்ல. அதன் வேலையே போவதுதான். அது போகாமல் செய்துவிட்டால், அடுத்து எரிய வேண்டியது சுவரில் ஓடும் வயர். அந்த வீட்டில் அந்த வயர் தேக்குக் கட்டையை ஒட்டி ஓடியது.

என்னை அழைத்தது வேறொரு காரணத்துக்காக. பின்கட்டில் துணி உலர்த்தப் போன அந்த வீட்டு அம்மாவுக்கு வெளி யூனிட்டைத் தொட்டதும் சுருக்கென்றது. ஈரக் கை, ஈரத் தரை. அதைப் பார்க்கப் போனவன் வயரையும் பார்த்தேன். மேலுறை ரப்பர் வெந்து, விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. அறைக்குள் மகளும் பத்து நாள் குழந்தையும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். உடனே மெயினை அணைக்கச் சொன்னேன். பெரியவர் என்னிடம் கோபிக்கவில்லை. "இதையெல்லாம் கடையில் ஒருவரும் கேட்கவில்லையே" என்றுதான் சொன்னார். அது நியாயமான கேள்வி. விற்பவர் ஒரு முறை கேட்டிருக்க வேண்டும், பொருத்தியவர் பார்த்திருக்க வேண்டும்.

அங்கே என்ன செய்தோம்? மீட்டரிலிருந்து ஏ.சி.க்கென்றே தனி லைன், நாலு சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர். பீங்கான் ஃபியூஸ் கட்டையை எடுத்துவிட்டு, லோடு மிஞ்சினால் தானே அணைந்துவிடும் சுவிட்சான எம்.சி.பி. கசிவு இருந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்று, 30 மில்லி ஆம்பியர். பிறகு எர்த். அதற்குத்தான் பாடுபட்டோம். வீட்டைச் சுற்றி ஓர் அடி மண் இல்லை, எல்லாம் சிமென்ட் பூசியிருந்தது. கடைசியில் கிணற்றடியில் தரையை உடைத்து, எட்டடி ஆழத்துக்கு ஜி.ஐ. குழாயை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, இறக்கி, கரியும் உப்பும் போட்டு மூடினோம். எர்த் குழிக்குக் கிணற்றடியைப் போல நல்ல இடம் கிடையாது, எப்போதும் ஈரம் இருக்கும். இந்த வேலைகளுக்கு மட்டும் ஏ.சி.யின் விலையில் பாதிக்கு மேல் ஆனது. பழைய வீட்டுக்கு இது அதிகமில்லை என்பேன். ஏனென்றால் ஏ.சி. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் போய்விடும். வயரும் எர்த்தும் அடுத்த ஏ.சி.க்கும் இருக்கும்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்கள், யார் செலவு என்று. ஏ.சி.யைக் குடியிருப்பவர் கழற்றிக்கொண்டு போவார், வயர் சுவரோடு நிற்கும். அதனால் வயருக்கும் எர்த்துக்கும் வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம். எப்படியானாலும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

அடுத்தது சுவர். சுண்ணாம்புக் கலவையில் கட்டிய ஒன்றேகால் அடிச் சுவரில் சுத்தியலால் ஓட்டை போட விடாதீர்கள், மறுபக்கம் பெயர்ந்து விழும். சுவரை வட்டமாக அறுத்தெடுக்கும் கோர் கட்டர் கொண்டு வரச் சொல்லுங்கள். வெளி யூனிட்டை அந்தச் சுவரில் தொங்கவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. பழைய சுண்ணாம்பில் ஆங்கர் போல்ட் பிடிப்பதில்லை. தரையிலோ மாடியிலோ ஸ்டாண்ட் போட்டு வைக்கலாம். காப்பர் குழாய் நீளும், மீட்டருக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கேட்பார்கள், கொடுங்கள். குழாய் இணைத்ததும் வேக்குவம் பம்ப் போடுகிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். உள்ளே காற்றும் ஈரமும் தங்கினால் கம்ப்ரசருக்குக் கேடு. சிலர் பம்ப் கொண்டு வராமல், ஏ.சி.க்குள் இருக்கும் குளிரூட்டும் கேஸைக் கொஞ்சம் திறந்துவிட்டுக் காற்றை வெளியேற்றுவார்கள். இப்போது வரும் ஆர்-32 கேஸ் தீப்பற்றக்கூடியது. அப்படிச் செய்யக்கூடாது.

உயரமான கூரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பன்னிரண்டு, பதினான்கு அடி உயரம் இருக்கும். கடைக்காரர் தரையின் நீள அகலத்தைக் கேட்டு டன் சொல்வார், நீங்கள் உயரத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூரையை ஒட்டியிருக்கும் காற்றுத் துவாரங்களுக்குக் கண்ணாடிக் கதவு போட்டால் போதும், செங்கல் வைத்து அடைத்துவிடாதீர்கள். ஏ.சி. ஓடாத மாதங்களில் அந்த அறை மூச்சு விட வேண்டும்.

மின் கட்டணத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரமாகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை வருகிறது. சுருக்கமாகச் சொல்கிறேன். கூடுதல் லோடுக்கு மின்வாரியத்தில் முறைப்படி விண்ணப்பியுங்கள். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வரிசையே மாறுகிறது, மீட்டரை நடுவில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். 2020 ஜனவரி முதல் வரும் ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் ஓடத் தொடங்கும், அதை 18க்கு இறக்க வேண்டாம், விசிறியையும் மெதுவாகச் சுற்றவிடுங்கள். மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், மேல் அறையின் சூடு குறையும். அடிக்குமுன் விரிசல்களை அடைத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.