ரெண்டு மாமரத்துக்கு நடுவுல ஒரு நேட் விமானம்

வணக்கம் மக்களே, சத்தம் கேக்குதா? காத்து பிச்சிக்கிட்டு அடிக்குது, அதான் மைக்க சட்டைக்குள்ள சொருகி வெச்சிருக்கேன். இது கிருஷ்ணகிரி பக்கத்துல எங்க மாந்தோப்பு, பின்னாடி தெரியறது ரெண்டும் பெங்களூரா மரம், தாத்தா முப்பது அடிக்கு ஒரு குழின்னு அளந்து நட்டது. ஆனா இன்னிக்கு மாங்கா வீடியோ இல்ல. நைனாகிட்ட டேப் வாங்கிட்டு வந்திருக்கேன், எதுக்குன்னு பாருங்க.

இந்தா, இங்க இருந்து 22 அடி... கல்லு வெச்சாச்சு. ஒரு ரெக்க முனையில இருந்து அடுத்த ரெக்க முனை வரைக்கும் நம்ம விமானப்படையில இருந்த நேட் ஃபைட்டர் இவ்வளவுதாங்க! ரெண்டு மரத்துக்கும் நடுவுல நிறுத்தினா ரெண்டு பக்கமும் நாலு நாலு அடி மிச்சம். இங்கிலாந்துல ஃபோலண்ட் கம்பெனி டிசைன் பண்ணது, லைசென்ஸ் வாங்கி நம்ம அரசாங்க விமானக் கம்பெனி ஹெச்ஏஎல் பெங்களூர்லயே கட்டினாங்க. பாகிஸ்தான்கிட்ட இருந்த சேபர் ஃபைட்டருக்கு ரெக்க 37 அடி, அது இங்க நுழைஞ்சா ரெண்டு மரத்தையும் மொட்டையடிச்சிட்டுதான் போவும்.

சின்னதா இருந்தா என்ன லாபம்னா, அந்தக் காலத்து சண்டை முக்காவாசி கண்ணாலதான். எவன் மொதல்ல பாக்கறானோ அவன் கை ஓங்கும். நேட் நேரா வந்தா ஒரு புள்ளி மாதிரிதான் தெரியும், பாத்து சுதாரிக்கறதுக்குள்ள பின்னாடி வந்து ரெண்டு 30 எம்எம் பீரங்கியால அடிச்சிரும். 1965 போர்ல இப்படி அடிச்சதுலதான் நேட்டுக்கு சேபர் ஸ்லேயர், அதாவது சேபர வீழ்த்தறவன்னு பட்டப்பேரே வந்துச்சு.

எனக்கு ரொம்ப புடிச்சது போய்ரா சண்டைங்க. 1971 நவம்பர் 22, போர்னு அறிவிக்கவே இல்ல, அது டிசம்பர் 3க்கு அப்புறம்தான். கிழக்கு பாகிஸ்தான், அதான் இன்னிக்கு பங்களாதேஷ், அந்த எல்லையில போய்ரா பக்கத்துல நம்ம ஆளுங்கள சேபர் வந்து வந்து தாக்குது, காலையில ரெண்டு தடவ நேட் கிளம்பி போறதுக்குள்ள அவங்க முடிச்சிட்டு ஓடிட்டாங்க. மத்தியானம் மூணு மணிக்கு கொஞ்சம் முன்னாடி திரும்ப வந்தாங்க, இந்த தடவ கல்கத்தா டம்டம்ல இருந்து நாலு நேட் பறந்துச்சு, மேஸ்ஸி, கணபதி, சோரெஸ், லாசரஸ். ரேடார்ல உக்காந்து பாக்சின்னு ஒருத்தர் வழி சொல்றாரு, நாலு பேரும் சேபருங்க மேல பாய்ஞ்சிட்டாங்க. சில நிமிஷம்தாங்க மொத்த சண்டையும். ரெண்டு சேபர் விழுந்துச்சு, மூணாவது அடி வாங்கிட்டு தப்பிச்சு போச்சு. லாசரஸ் எவ்வளவு கிட்ட போய் சுட்டாருன்னா, வெடிச்ச சேபரோட துண்டுங்க இவரோட விமானத்து மேலயே வந்து பட்டுச்சாம். நம்ம நாலு பேரும் பத்திரமா திரும்பிட்டாங்க.

அதுக்காக நேட் ஒண்ணும் தங்கக் கம்பி இல்ல. கன் அப்பப்ப ஜாம் ஆவும், கன்ட்ரோல் தகராறு, ஹைட்ராலிக் தகராறு, சின்ன வண்டிங்கறதால எரிபொருளும் கம்மி. டூவீலர்ல சந்து பொந்தெல்லாம் நுழையலாம், ஆனா சென்னை வரைக்கும் போனா முதுகு போயிரும்ல, அந்த கதைதான். இந்த மாதிரி விமானத்துலதான் அதே 1971 டிசம்பர் 14 ஸ்ரீநகர்ல நிர்மல் ஜித் சிங் செகோன், ரன்வே மேல குண்டு விழுந்துட்டு இருக்கும்போதே மேல ஏறினாரு. எதிர்ல ஆறு சேபர். உயிரோட திரும்பல. விமானப்படையில நாட்டோட பெரிய வீர விருதான பரம் வீர் சக்ரா வாங்கினது இன்னிக்கு வரைக்கும் அவர் ஒருத்தர்தான்.

ஆங், போய்ரால பாராசூட்ல குதிச்சு மாட்டின பாகிஸ்தான் பைலட் ரெண்டு பேர்ல ஒருத்தர் பர்வேஸ் மெஹ்தி குரேஷி. கீழ நம்ம சிப்பாய்ங்க அவர அடிக்கப் போக, பனாக்னு ஒரு கேப்டன் குறுக்க பூந்து காப்பாத்தி இருக்காரு. அப்படி கைதியா நின்ன மனுஷன்தான் 1997ல பாகிஸ்தான் விமானப்படைக்கே தலைமைத் தளபதி ஆனாரு! லாசரஸ் அவருக்கு வாழ்த்துச் சொல்லி லெட்டர் போட்டாரு, அங்க இருந்து பதிலும் வந்துச்சு.

இருங்க இருங்க, நைனா கூப்புடறாரு... தோ வரேன்! டேப்ப குடுக்கணும், பைப் லைன் அளக்கறாங்களாம். சேபருக்கு 37 அடி கல்லு வெக்கலாம்னு பாத்தேன், அடுத்த மரத்துக்கு அந்தாண்ட போவுது, அங்க எறும்புப் புத்து. விடுங்க, வரேன்.