டீக்கடை பெஞ்சில் இருந்த செல்போன்

[காட்சி: பேருந்து நிலைய டீக்கடை. பெஞ்சில் ஒரு செல்போன். ஒரு சிறு கை நீள்கிறது.]

குரல்: பையனுக்கு 15 வயது. யாரோ மறந்து வைத்த போனை எடுத்துக்கொண்டு ஓடினான். இரண்டாவது திருப்பத்திலேயே பிடிபட்டான். இது கற்பனைதான். ஆனால் எந்த ஊரிலும் நடக்கக்கூடிய கற்பனை.

இனி என்ன ஆகும்? நான்கு அடி, ஓர் இரவு லாக்கப், விடிந்ததும் கூர்நோக்கு இல்லம். நம்மில் பலர் மனத்தில் ஓடும் வரிசை இதுதான். 18 வயது நிரம்பாதவர்களுக்கான 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் வரிசை வேறு.

[காட்சி: காவல் நிலைய மேசை. திறந்த நாட்குறிப்பு.]

குரல்: சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டுகள். ஆகவே இது சிறு குற்றம். பெரியவர்களோடு கூட்டுச் சேர்ந்து செய்திருந்தால் தவிர, இதற்கு எஃப்.ஐ.ஆர். போடக் கூடாது என்கின்றன அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2016ஆம் ஆண்டு மாதிரி விதிகள். பொது நாட்குறிப்பில் ஒரு பதிவு, பையனின் வீட்டுச் சூழல் பற்றி ஓர் அறிக்கை. அவ்வளவுதான். கைவிலங்கு கிடையாது, லாக்கப் கிடையாது. அவனிடம் பேசும் அதிகாரி சீருடையில்கூட இருக்கக் கூடாது. பிடித்து வைத்திருந்தால் 24 மணி நேரத்துக்குள், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும்.

[காட்சி: ஓர் அறை. மேடையோ கூண்டோ இல்லை. மேசையைச் சுற்றிக் குழுமத்தின் மூவர்: ஒரு நீதித்துறை நடுவர், இரண்டு சமூகப் பணியாளர்கள்.]

குரல்: இங்கே ஜாமீன் என்பது விதி, மறுப்பு விதிவிலக்கு. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெட்டுவிடும் என்று நம்ப இடமிருந்தால் மட்டுமே மறுக்கலாம். 'ஜாமீன்தாரர் இல்லை' என்பது இந்த மூன்றில் இல்லை! ஜாமீன்தாரர் இல்லாமலும் விடலாம் என்றே சட்டம் சொல்கிறது. விதித்த நிபந்தனையை 7 நாட்களில் நிறைவேற்ற முடியாவிட்டால், அதை மாற்றுவதற்காகப் பையனை மறுபடியும் குழுமத்தின் முன் கொண்டுவர வேண்டும். இந்தப் பிரிவை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாத குடும்பத்துப் பிள்ளைதான் உள்ளேயே கிடக்கிறான்.

கூர்நோக்கு இல்லம் தண்டனைக் கூடமல்ல, விசாரணைக் காலத்தில் தங்கும் இடம். 'சிறுவன் அடைக்கப்பட்டான்' என்று எழுதும் செய்தித்தாள்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

[காட்சி: கையில் கோப்போடு ஒரு சந்துக்குள் நடக்கும் நன்னடத்தை அலுவலர்.]

குரல்: என் கணக்கில் இந்தக் கதையின் முக்கியமான ஆள் இவர்தான். பையனின் பின்னணியை விசாரித்து, 15 நாட்களில் குழுமத்துக்கு அறிக்கை தர வேண்டும். பள்ளியை எப்போது விட்டான்? வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள்? போனை விற்க எடுத்தானா, வைத்துக்கொள்ளவா? வீட்டுப் படியேறிக் கேட்டு எழுதிய அறிக்கை ஒரு மாதிரி இருக்கும். படிவத்தை உட்கார்ந்த இடத்தில் நிரப்பினால் எல்லாப் பையன்களும் ஒரே பையனாகிவிடுவார்கள்.

தவறு உறுதியானாலும் குழுமத்தின் கையில் பல வழிகள் உண்டு: அறிவுரை சொல்லி வீட்டுக்கு அனுப்பலாம், குழு ஆலோசனைக்கு அனுப்பலாம், பூங்காவிலோ மருத்துவமனையிலோ சமூக சேவை செய்யச் சொல்லலாம், பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தைக் கண்காணிப்பில் விடலாம். தவறு உறுதியான சிறாரைத் தங்கவைக்கும் சிறப்பு இல்லம் பட்டியலின் கடைசியில் வருகிறது. சிறாரின் சுதந்திரத்தைப் பறிப்பது கடைசி வழியாக, மிகக் குறுகிய காலத்துக்கே இருக்க வேண்டும் என்ற ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை இந்தியா 1992இல் ஏற்றது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1920இல், நாட்டின் முதல் குழந்தைகள் சட்டத்தைச் சென்னை மாகாணம் இயற்றிவிட்டது.

[காட்சி: மருத்துவமனை வராந்தா. ஒரு பாட்டியின் சக்கர நாற்காலியைத் தள்ளும் பையனின் முதுகு. முகம் தெரியவில்லை.]

குரல்: முகத்தைக் காட்டாததும் சட்டம்தான், அதே சட்டத்தின் 74ஆம் பிரிவு. நாளை இவன் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்தச் செல்போன் குறுக்கே வராது.