காஞ்ச குளத்துக்கு ட்ரோன், தண்ணி வந்தா செயற்கைக்கோள்: கொள்ளளவுக் கணக்கு எடுக்கறது எப்படி?

வணக்கமுங்க. ஒரு குளம் எத்தனை தண்ணி புடிக்கும்னு ட்ரோன் போட்டோவ வெச்சுக் கணக்கெடுக்கறதத்தான் இன்னைக்குப் பாக்கப் போறோம். ஒரே ஒரு தடவை குளத்துத் தரையை ஒழுங்கா அளந்து வெச்சுட்டா, அப்புறம் வருசம் பூரா செயற்கைக்கோள் படத்தைப் பாத்தே இன்னைக்கு உள்ள எவ்வளவு தண்ணி கெடக்குதுன்னு சொல்லிப்போடலாமுங்க. நீரியல் ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் இது வேணும், ஊர்ல குளத்தைப் பாத்துக்கறவங்களுக்கும் வேணும்.

குளம் காஞ்சிருக்கோணும், அதுதான் மொதல்ல. தண்ணிக்கு அடியில தரை தெளிவாத் தெரிஞ்சாலும், ஒளி வளையறதால நாலடி ஆழம் மூணடியாத்தான் கணக்குல வரும். அதனால சித்திரை, வைகாசிதான் சரியான மாசம். ஆனி, ஆடின்னு தள்ளிப் போட்டா பாலக்காட்டுக் கணவாய்க் காத்து புடிச்சுக்கும். பேட்டரி பாதி காத்தோட மல்லுக்கட்டறதுக்கே போயிரும். அசையற செடியும் போட்டோவுக்குப் போட்டோ எடம் மாறுறதால, போட்டோவெல்லாம் ஒண்ணு சேத்து 3டி மாடல் ஆக்கற மென்பொருளுக்குப் பொருத்தம் கெடைக்காது.

கோயமுத்தூர்ப் பக்கம் இருக்கறவங்க ஒண்ணு பாத்துக்கங்க. ஏர்போர்ட்டும் சூலூர் விமானப்படைத் தளமும் பக்கத்துல இருக்கு. டிஜிட்டல் ஸ்கைங்கற அரசாங்க ட்ரோன் மேப்புல உங்க குளம் எந்த நெறத்துல வருதுன்னு பாக்காம ட்ரோனைக் கெளப்பாதீங்க. பச்சையே காட்டினாலும் 400 அடிக்கு மேல போகக்கூடாது.

இப்ப கணக்குக்கு வருவோம். ஸ்கிரீன்ல இருக்கறது 10 ஏக்கர் குளம், 40,500 சதுர மீட்டர். கேமரா, பேண்டம் 4 ப்ரோ ட்ரோனோடது. சென்சார் அகலம் 13.2 மில்லிமீட்டர், லென்ஸ் குவியத் தூரம் 8.8, படத்தோட அகலம் 5472 பிக்சல். 60 மீட்டர் உயரத்துல பறந்தா ஒரு பிக்சல் தரையில 1.64 சென்டிமீட்டர். ஒரு போட்டோ 90-க்கு 60 மீட்டர் எடத்தை மூடும். முன்பின் 80 சதவீதம், பக்கவாட்டுல 70 சதவீதம் ஒண்ணுமேல ஒண்ணு விழோணும். அப்படின்னா 12 மீட்டருக்கு ஒரு போட்டோ, 27 மீட்டருக்கு ஒரு வரிசை. ஓரத்தையும் சேத்தா 150, 200 போட்டோ வரும்.

வேகம் செகண்டுக்கு 5 மீட்டர் வெச்சுக்கங்க. ஷட்டர் 800-ல ஒரு பங்கு செகண்டுன்னா ட்ரோன் அதுக்குள்ள 6 மில்லிமீட்டர்தான் நகரும், அரைப் பிக்சல்கூட இல்லை. 200-ல ஒரு பங்குல வுட்டா 25 மில்லிமீட்டர், ஒன்றரைப் பிக்சல். போன்ல பாத்தா நல்லாத்தான் தெரியும், பெருசு பண்ணினா வண்டல் வெடிப்போட ஓரம் கொழகொழன்னு இருக்கும். ஃபோகஸ், வெளிச்சம் ரெண்டையும் ஆட்டோவுல வுடாதீங்க, தொடக்கத்துலயே பூட்டிருங்க. காஞ்ச வண்டல் பாளம்பாளமா வெடிச்சுக் கெடக்கறது நமக்கு நல்லதுங்க. ஒவ்வொரு வெடிப்பும் மென்பொருளுக்கு ஒரு அடையாளம்.

இந்த எடத்துலதான் நெறையப் பேரு ஏமாந்து போறாங்க. கேமராவ நேராக் கீழ பாக்க வெச்சு, எல்லா வரிசையும் ஒரே உயரத்துல எடுத்தா, லென்ஸ் வளைவை மென்பொருள் தப்பாப் புரிஞ்சுக்கும். தட்டையான தரை, கவுத்து வெச்ச தட்டம் மாதிரி நடுவுல மேடாவோ, இல்லைன்னா குழியாவோ வந்துரும். 3டி மாடலைப் பாத்தா அத்தனை அழகா இருக்கும், தப்பே தெரியாது. ஆனா சராசரியா 10 சென்டிமீட்டர் தப்புன்னா, 10 ஏக்கருக்கு 4,000 கன மீட்டருக்கு மேல போயிருமுங்க. நம்மூர்ல மண்ணு கணக்கு யூனிட்ல சொல்லுவோமில்ல, 100 கன அடி ஒரு யூனிட்டுன்னு, அப்படிப் பாத்தா 1,400 யூனிட். தண்ணியாப் பாத்தா 40 லட்சம் லிட்டர். இதுக்கு மருந்து, மொதச் சுத்து முடிஞ்சதும் குறுக்கால இன்னொரு சுத்து போறது. அதுல கேமராவ நேர்கீழ இருந்து 20, 25 டிகிரி சாய்ச்சு வெச்சுக்கோணும். இன்னொரு பேட்டரி செலவாகும், பரவால்லைங்க.

அடுத்தது தரையில வெக்கற குறிப்பலகை. இதப் பாருங்க, ரெண்டடிக்கு ரெண்டடி, நாலு கட்டம், கருப்பும் மங்கல் மஞ்சளும். பளபளன்னு இருக்கற வெள்ளை பிளெக்ஸ் வெயில்ல அப்படியே பூத்துப் போயி, நடுப்புள்ளி எங்கன்னே தெரியாது. நாலு மூலையிலயும் கல்லு வெச்சு அமுக்குங்க, கல்லு நெழல் நடுவுல விழாம பாத்துக்கங்க. இந்தக் குளத்துக்கு ஒம்பது பலகை: மூலைக்கு ஒண்ணு, நடுவுல ஒண்ணு, தரை தாழ்ந்த எடத்துல ரெண்டு, கரை மேல ரெண்டு. அஞ்சை மென்பொருளுக்குக் குடுங்க, நாலைக் குடுக்காம ஒளிச்சு வெச்சுக்கங்க. கடைசியில அந்த நாலோட உயரம் எவ்வளவு தள்ளி வந்திருக்குன்னு பாத்தாத்தான் நெசமான தப்பு தெரியும். மென்பொருள் ரிப்போர்ட்டுல வர்ற மத்த நம்பரை நம்பி உக்காந்துராதீங்க. 5 சென்டிமீட்டருக்குள்ள வந்தா அது நல்ல வேலை.

பலகையோட எடத்தை ஆர்.டி.கே. ஜிபிஎஸ் கம்பு, அதாவது சென்டிமீட்டர் துல்லியத்துல எடம் காட்டற ஜிபிஎஸ் வெச்சு அளக்கறப்ப, கம்பு நுனி வெடிப்புக்குள்ள எறங்கிரும். அடியில ஒரு தகரத் துண்டு போட்டுட்டு அளங்க. அப்புறம், ஜிபிஎஸ் காட்டற உயரம் கடல்மட்டத்து உயரம் இல்லை. நம்ம பக்கம் ரெண்டுக்கும் சுமார் 90 மீட்டர் வித்தியாசம். கடல்மட்டத்துல இருந்து 400 மீட்டர் உயரத்துல இருக்கற கோயமுத்தூரை 310 மீட்டர் சுமாருக்குக் காட்டும். ஒரு பலகைக்கு ஒரு வகை, இன்னொண்ணுக்கு வேற வகைன்னு கலந்தா மாடல் கிழிஞ்சு போயிரும். இன்னொரு கொங்குச் சிக்கல்: யூடிஎம்ங்கற வரைபட முறையில ரெண்டு மண்டலத்தைப் பிரிக்கற 78 டிகிரி தீர்க்கக்கோடு நம்ம கொங்கு நாட்டுக்குள்ளயே ஓடுது. கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு எல்லாம் மண்டலம் 43, கரூர், நாமக்கல், சேலம் 44. பழைய ப்ராஜெக்ட்டை அப்படியே காப்பி பண்ணி வேலை செய்யறவங்க இதுலதான் மாட்டிக்கறாங்க.

படத்தை வெப்ஓடிஎம்ங்கற மென்பொருள்ல போட்டு உயர வரைபடம் எடுத்துக்கங்க, இலவசம்தான். சீமைக்கருவேலம் அடைச்சுக் கெடந்தா, மரத்து உச்சியத்தான் தரைன்னு நெனைச்சுக்கும். கிளவுட்கம்பேர்ங்கற இன்னொரு மென்பொருள்ல துணிப் போர்வை வடிகட்டின்னு (CSF) ஒண்ணு இருக்கு, அது செடிய நீக்கும். ஆனா தரையே தெரியாத அடர்த்திக்கு எந்த வடிகட்டியும் உதவாதுங்க. கம்பத் தூக்கிட்டு உள்ள நடந்து புள்ளி எடுக்கறதுதான் வழி.

அப்புறம் க்யூஜிஐஎஸ்ங்கற வரைபட மென்பொருள்ல, தரை மட்டத்துல இருந்து, மிச்சத் தண்ணி வழியற கலிங்கு மட்டம் வரைக்கும் 10 சென்டிமீட்டருக்கு ஒரு தடவை பரப்பும் கொள்ளளவும் எடுத்து அட்டவணை போட்டுருங்க. இதுதான் நம்ம சொத்து. இனிமே தண்ணிப் பரப்பு தெரிஞ்சாப் போதும், கொள்ளளவு தன்னால வரும்.

பரப்புக்கு சென்டினல்-2ங்கற ஐரோப்பிய செயற்கைக்கோள். அஞ்சு நாளைக்கு ஒரு படம், 10 மீட்டர் பிக்சல். பச்சைப் பட்டையும் அகச்சிவப்புப் பட்டையும் வெச்சுத் தண்ணியப் பிரிக்கலாம். நம்ம 10 ஏக்கர் குளத்துல மொத்தமே 400 பிக்சல்தான், அதுல 80 ஓரத்துல பாதி தண்ணி பாதி கரையா விழும். அஞ்சுல ஒரு பங்கு சந்தேகம்னா சின்னக் குளத்துக்கு இது தாங்காது, மதகுல அளவுகோல் நட்டு மட்டத்தைப் பாக்கறதே நல்லது. உக்கடம் பெரியகுளம் மாதிரி 300 ஏக்கருக்கு மேல இருந்தா ஓரப் பிக்சல் நூத்துக்கு நாலுதான். ஆனா அங்க வேற பிரச்சினை. ஆகாயத்தாமரை மூடினா செயற்கைக்கோளுக்கு அது வயக்காடு. கழிவுத்தண்ணி எந்நேரமும் வர்ற குளம் காயறதும் இல்லை, அங்கெல்லாம் படகுல, ஒலிய அனுப்பி ஆழம் பாக்கற எக்கோ சவுண்டர் கட்டித்தான் தரையை அளக்கோணும். ஐப்பசி, கார்த்திகை மேகத்துக்கு சென்டினல்-1 ரேடார் உதவும், அமைதியான தண்ணி கருப்பாத் தெரியும். காத்து அடிச்சு அலை எழும்பின நாளு படத்தை ஒதுக்கிருங்க.

வண்டல் வருசா வருசம் எவ்வளவு சேருதுன்னு பாக்கணும்னு ஆசைப்படறவங்களுக்கு: ரெண்டு தடவையும் 5 சென்டிமீட்டர் தப்புன்னா, வித்தியாசம் 14 சென்டிமீட்டராவது இருந்தாத்தான் நெசமான மாத்தம்னு சொல்ல முடியும். டிப்பர் வெச்சு வண்டல் எடுத்த குழி உடனே தெரியும், ஒரு மழைக்காலத்து வண்டல் தெரியாது. சில வருசம் வுட்டு அளங்க. கரிசல் தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும், அதனால ரெண்டாவது தடவையும் அதே மாசத்துலயே பறங்க. மதகு மூலையில காங்கிரீட்ல ஆணி அடிச்சு, பெயின்ட் வட்டம் போட்டு, அதோட உயரத்தைக் குறிச்சு வெச்சுருங்க. ரெண்டாவது தடவை போனதும் மொதல்ல அந்த ஆணி மேலதான் கம்பை நிறுத்தோணும்.