பிளாப் 2 தேர்வுக்கு மான்செஸ்டர் போகிறீர்களா? உங்கள் இனிஷியலை முதலில் பாருங்கள்!

(திரையில்: பீளமேடு விமான நிலையத்தின் முகப்பு. பின்னணிக் குரல் தொடங்குகிறது.)

தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கிய கோயம்புத்தூரிலிருந்து, அந்தப் பெயருக்கே உரிய ஊருக்குத் தேர்வெழுதப் புறப்படும் மருத்துவர்களுக்காக இந்தக் காணொளியைத் தயாரித்திருக்கிறோம். பிரிட்டனில் மருத்துவராகப் பதிவு பெறுவதற்கான பிளாப் தேர்வின் முதல் பகுதியைச் சென்னையிலேயே எழுதிவிடலாம். இரண்டாம் பகுதிக்கு மட்டும் மான்செஸ்டர் சென்றே ஆக வேண்டும். அங்கே ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவச் சூழலைக் கையாள வேண்டிய 16 நிலையங்கள், நிலையத்துக்கு 8 நிமிடங்கள் என்பதோடு தேர்வைப் பற்றிய அறிமுகத்தை முடித்துக்கொள்கிறோம். அதற்கு எப்படிப் படிப்பது என்று சொல்ல எத்தனையோ சேனல்கள் இருக்கின்றன. ஆனால் ஈரோட்டிலோ தாராபுரத்திலோ நாமக்கல்லிலோ உள்ள ஒரு மருத்துவர் தம் வீட்டு பீரோவிலிருந்து எந்தெந்தக் காகிதங்களை முதலில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்பவர்கள் குறைவு.

(திரையில்: ஒரே நபரின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக.)

செந்தில்குமார் என்ற மருத்துவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருடைய எம்.பி.பி.எஸ். சான்றிதழில் ‘பி. செந்தில்குமார்’ என்று அச்சாகியிருக்கும். இந்திய பாஸ்போர்ட்டில் இனிஷியலை அப்படியே எழுத முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும் என்பதால் அங்கே ‘செந்தில்குமார்’ ஒரு கட்டத்திலும், தந்தையின் பெயரான ‘பழனிசாமி’ குடும்பப் பெயருக்கான கட்டத்திலும் இருக்கும். சிலர் அந்தக் குடும்பப் பெயர்க் கட்டத்தை வெறுமையாக விட்டிருப்பார்கள். இன்னும் சிலர் இரண்டையும் சேர்த்து ஒரே கட்டத்தில் அடைத்திருப்பார்கள். நம் ஊரில் இதை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் உங்கள் பட்டம் உண்மையானதுதானா என்று சரிபார்க்கும் அமைப்பும், தேர்வை நடத்தும் ஜிஎம்சி என்ற பொது மருத்துவக் கவுன்சிலும், விசா அதிகாரியும், விமான நிறுவனமும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளாமல் தனித்தனியாக உங்கள் பெயரைப் பார்க்கப் போகிறார்கள். எனவே ஜிஎம்சி இணையக் கணக்கைத் தொடங்கும்போதே பாஸ்போர்ட்டில் உள்ள பெயரை எழுத்து மாறாமல் எழுதுங்கள். சான்றிதழின் பெயர் வேறுபட்டிருந்தால், இரண்டும் ஒரே நபரைக் குறிப்பவை என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரத்தைத் தயாராக வைத்துக்கொண்டு, அது போதுமா என்று சரிபார்ப்பு அமைப்பிடமே எழுதிக் கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டையே திருத்த வேண்டும் என்று தோன்றினால், தேர்வுத் தேதியை முன்பதிவு செய்வதற்கு முன்பே கோவை பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். தேதி கிடைத்த பிறகு பாஸ்போர்ட்டில் கை வைப்பது தேவையற்ற துணிச்சல் என்பது எங்கள் கருத்து.

இதில் எங்களுக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. பிரிட்டனில் மருத்துவரைக் குடும்பப் பெயரால்தான் அழைப்பார்கள் என்பதால், அங்கே போய் இறங்கியதும் நம் செந்தில்குமார் ‘டாக்டர் பழனிசாமி’ ஆகிவிடுவார். மகன் எழுதுகிற தேர்வில், தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் அப்பாவுக்கு டாக்டர் பட்டம் கிடைத்துவிடுகிறது!

ஒற்றைப் பெயர் கொண்டவர்களுக்கு மட்டும் இது வேடிக்கையாக முடிவதில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்து, தந்தை பெயரோ குடும்பப் பெயரோ பாஸ்போர்ட்டின் மற்றொரு பக்கத்தில் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் தந்தது. நாம் போவது பிரிட்டனுக்குத்தானே என்று நினைக்காதீர்கள். கோவையிலிருந்து வளைகுடாவுக்கு நேரடி விமானம் என்றால் ஷார்ஜாவும் அபுதாபியும்தான் நினைவுக்கு வரும். மலிவாக இருக்கிறது என்று கோவை முதல் அபுதாபி வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து மான்செஸ்டருக்கு வேறு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கினால், பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க அந்த நாட்டுக்குள் நுழைய வேண்டி வரலாம். நுழைவதற்கு விசா வேண்டும். ஆகவே கோவையிலிருந்தோ கொச்சியிலிருந்தோ, புறப்படும் இடம் முதல் மான்செஸ்டர் வரை ஒரே பிஎன்ஆர் எண்ணில் டிக்கெட் எடுங்கள். மிச்சமாகும் சில ஆயிரம் ரூபாய்க்காக இந்தத் தலைவலியை வாங்க வேண்டாம்.

(திரையில்: பட்டா, சிட்டா, மஞ்சள் விற்ற ரசீது.)

விசாவுக்கு வருவோம். சாதாரணப் பார்வையாளர் விசாவிலேயே பிளாப் தேர்வை எழுதலாம். ஆனால் தேர்வு உண்டு என்பதற்கு ஜிஎம்சியின் எழுத்துப்பூர்வமான உறுதி வேண்டும். பயணத் தேதிக்கு மூன்று மாதங்களுக்கு முன்பிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். கைரேகை கொடுக்கச் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. மேற்கு மாவட்டத்துக்காரர்களுக்குக் கொச்சி பக்கம். ஆறு மாதத்துக்குள் திரும்புவதால் காசநோய்ப் பரிசோதனைச் சான்று தேவையில்லை.

பணத்தைக் காட்டுவதில்தான் நம் பகுதிக்கே உரிய சிக்கல் இருக்கிறது. இவ்வளவு தொகை இருக்க வேண்டும் என்று விதி எதுவும் நிர்ணயிக்கவில்லை; செலவுக்குப் போதுமான பணம் இருக்கிறதா, அது எங்கிருந்து வந்தது என்றுதான் பார்க்கிறார்கள். செலவைத் தந்தை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தந்தை தென்னந்தோப்பும் மஞ்சள் காடும் வைத்திருக்கும் விவசாயி என்றால், வேளாண் வருமானத்துக்கு வரி இல்லாததால் வருமான வரிக் கணக்கே தாக்கல் செய்திருக்க மாட்டார். தேங்காயைத் தோப்பிலேயே ரொக்கத்துக்கு விற்றிருப்பார். விசாவுக்கு முந்தின வாரம் பல லட்சம் ரூபாயை மொத்தமாகக் கணக்கில் போட்டால், அது நேர்மையான பணமாகவே இருந்தாலும் அதிகாரிக்குக் கடன் வாங்கிக் காட்டிய பணமாகத்தான் தெரியும். எனவே தேர்வுக்குப் படிக்கத் தொடங்கும்போதே, விளைச்சலை ஈரோடு, பெருந்துறை போன்ற ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களின் வழியாக விற்று, பணத்தை வங்கியில் வரவு வைத்து, ரசீதுகளைப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

பட்டாவில் ‘கருப்பண்ணன் மகன் பழனிசாமி’ என்றும், வங்கிக் கணக்கில் ‘கே. பழனிசாமி’ என்றும் இருப்பது ஒருவரேதான் என்று விசா அதிகாரிக்குத் தானாகத் தெரியாது. அதை ஒரு கடிதத்தில் விளக்குங்கள். தமிழ் ஆவணங்கள் அனைத்துக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். மொழிபெயர்ப்பாளரின் முழுப்பெயர், கையெழுத்து, தேதி, தொடர்பு விவரம், மொழிபெயர்ப்பு சரியானது என்ற உறுதி ஆகிய அனைத்தும் அதில் இருக்க வேண்டும். மொழிபெயர்க்காமல் ஏற்றுக்கொள்ளப்படும் மொழிகள் இரண்டே இரண்டு: ஆங்கிலம், வெல்ஷ். வெல்ஷ் மொழியில் சிட்டா வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து கமெண்டில் சொல்லுங்கள், நேரில் வந்து பேட்டி எடுக்கிறோம்.

(திரையில்: திறந்த பெட்டி.)

பெட்டியில் வெள்ளை கோட்டுக்கு இடம் ஒதுக்க வேண்டாம். முழங்கைக்குக் கீழே துணியோ கடிகாரமோ வளையலோ இருக்கக் கூடாது என்பது பிரிட்டன் மருத்துவமனைகளின் வழக்கம் என்பதால், அரைக்கைச் சட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று தட்டையான கம்பிகள் கொண்ட அந்நாட்டு பிளக்குக்கு அடாப்டர் வேண்டும். ‘அங்க என்ன கிடைக்குமோ, இதை வெச்சுக்க கண்ணு’ என்று அம்மா ஊத்துக்குளி நெய்யை டப்பாவில் ஊற்றித் தந்தால், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு மறுத்துவிடுங்கள்: இந்தியாவிலிருந்து பால் பொருள்களையும் இறைச்சியையும் கொண்டுபோகத் தடை இருக்கிறது. பருப்புப் பொடி போகலாம். அதைச் சோற்றில் பிசைய நெய்யை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

மான்செஸ்டர் விமான நிலையத்திலிருந்து நகருக்குள் ரயிலும் டிராமும் ஓடுகின்றன; தேர்வு மையம் இருக்கும் ஸ்பின்னிங்ஃபீல்ட்ஸ் பகுதிக்கு டீன்ஸ்கேட் நிறுத்தம் பக்கம். முந்தின நாளே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். தேர்வன்று பாஸ்போர்ட்டின் அசல் கையில் இருக்க வேண்டும். மார்ச் கடைசி ஞாயிறன்றும் அக்டோபர் கடைசி ஞாயிறன்றும் அந்நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். உங்கள் தேர்வு அந்த வாரத்தில் விழுந்தால், தங்கும் அறையின் சுவர்க் கடிகாரத்தை நம்பாமல் கைபேசியைப் பாருங்கள்.