பூட்ட மறந்தேனா, பூட்டியதை மறந்தேனா?

நேயர்களுக்கு வணக்கம். பேனாவும் தாளும் வேண்டாம், கை வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். ஆங்கிலத்தில் ஒரு வினைக்குப் பின்னால் இன்னொரு வினை வந்தால் முன்னால் 'டு' போடுவதா, கடைசியில் 'இங்' போடுவதா? தமிழ்வழி மாணவர்களுக்கு 30 வருடம் ஆங்கிலம் நடத்திய என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். 'டு கோ' என்பதை இன்ஃபினிட்டிவ் என்பார்கள். 'கோயிங்' பெயர்ச்சொல்லாக நின்றால் அது ஜெரண்ட். இந்தப் பெயர்கள் மறந்துபோனாலும் பரவாயில்லை.

ஆரம்பத்தில் நானும் பட்டியல் போட்டுத்தான் நடத்தினேன். வான்ட், டிசைட், ஹோப், ரெஃப்யூஸ், இவற்றுக்கெல்லாம் டு. என்ஜாய், அவாய்ட், ஃபினிஷ், இவற்றுக்கு இங். பிள்ளைகள் மனப்பாடம் செய்து பரீட்சையில் சரியாக எழுதினார்கள். வகுப்பை விட்டு வெளியே வந்ததும் 'ஐ என்ஜாய் டு ப்ளே' என்றார்கள்.

என் மனதை மாற்றியது ஒரு பத்தாம் வகுப்பு மாணவி. விளையாட்டுச் சாமான் அறையின் சாவி அவளிடம்தான் இருக்கும். ஒருநாள் காலையில் அந்த அறை திறந்து கிடந்தது. உள்ளே இருந்த இரண்டு வாலிபால்களைக் காணோம். "பூட்ட மறந்துட்டியாம்மா?" என்று கேட்டேன். அந்தப் பெண் கொஞ்சமும் தடுமாறவில்லை. "இல்ல சார், பூட்டினது நல்லா ஞாபகம் இருக்கு. இழுத்துக்கூடப் பார்த்தேன்" என்றாள். விசாரித்தால், விடியற்காலையில் கூட்டுவதற்காக இன்னொரு சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள். பந்துகள் பின்பக்கச் சுவரோரம் கிடந்தன.

அன்று மதியம் எனக்கு அந்த வகுப்பில்தான் பாடம். காலையில் கேட்ட இரண்டு வாக்கியங்களும் காதிலேயே நின்றன. பூட்ட மறந்தேன், அதாவது பூட்டவே இல்லை: 'ஐ ஃபர்காட் டு லாக் தி டோர்.' பூட்டியது ஞாபகம் இருக்கிறது, அதாவது பூட்டி முடித்தாயிற்று: 'ஐ ரிமெம்பர் லாக்கிங் தி டோர்.' கரும்பலகையில் எழுதவே இல்லை, வாயால் சொன்னேன். அந்த வகுப்புக்கு அது சட்டென்று பிடிபட்டது. 'செய்ய' என்று வந்தால் டு. 'செய்தது, செய்வது' என்று வந்தால் இங்.

இன்னொரு ஜோடி கேளுங்கள். டீ குடிக்க நின்றேன்: 'ஐ ஸ்டாப்டு டு ட்ரிங்க் டீ.' டீ குடிப்பதை நிறுத்தினேன்: 'ஐ ஸ்டாப்டு ட்ரிங்கிங் டீ.' டாக்டரிடம் போய் 'ஐ ஸ்டாப்டு டு டேக் தி டேப்லெட்ஸ்' என்றால், மாத்திரை போடுவதற்காக நின்றேன் என்று ஆகிவிடும். மாத்திரையை விட்டுவிட்டேன் என்ற முக்கியமான செய்தி அவருக்குப் போய்ச் சேராது. அங்கே 'டேக்கிங்' வேண்டும்.

இது தற்செயலாகப் பொருந்துவதும் இல்லை. 'குடிக்க' என்பது நம் இலக்கணத்தில் வினையெச்சம். தொல்காப்பியம் அடுக்கும் வினையெச்ச வாய்பாடுகளில் 'செய' என்பதும் உண்டு, 'செயற்கு' என்பதும் உண்டு. குடித்தல், குடிப்பது என்பவை தொழிற்பெயர்கள். பெயர் என்பதால் உருபு ஏற்கும்: குடிப்பதை, குடிப்பதால், குடிப்பதில். 'குடிக்க'வோடு 'ஐ' உருபைச் சேர்த்துப் பாருங்கள், ஒட்டாது. ஆங்கிலத்திலும் அப்படித்தான். ஃபார், வித்அவுட், ஆஃப்டர் போன்ற சொற்களுக்குப் பின்னால் இங்தான் நிற்கும். 'தேங்க் யூ ஃபார் கமிங்.'

அப்புறம், கடித முடிவில் வரும் அந்த வரி. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று எத்தனை விண்ணப்பங்களில் பார்த்துவிட்டேன்! 'டு மீட்டிங் யூ' என்பதே சரி. இந்த 'டு' நம்முடைய 'கு' உருபு மாதிரி. சோதிக்க ஒரு வழி இருக்கிறது: அதன் பின்னால் வெறும் பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் லெட்டர்.' பெயர் பொருந்துகிறதா, அப்படியென்றால் வினைக்கு இங். குழப்பத்துக்குக் காரணமும் உண்டு. பழைய ஆங்கிலத்தில் இன்ஃபினிட்டிவோடு வந்த 'டு'வும் திசையையும் நோக்கத்தையும் காட்டிய அதே சொல்தான். அதனால் இன்றும் இரண்டும் ஒன்றுபோலவே காதில் விழுகின்றன.

தமிழ் எல்லா இடத்திலும் கைகொடுக்குமா என்றால், கொடுக்காது. 'வருவதாக வாக்குக் கொடுத்தேன்' என்கிறோம். ஆங்கிலத்தில் 'ஐ ப்ராமிஸ்டு டு கம்'. 'போகலாம் என்று யோசனை சொன்னார்' என்பதை 'ஹி சஜெஸ்டட் மீ டு கோ' என்று எழுதிவிடுகிறோம். 'ஹி சஜெஸ்டட் கோயிங்' என்று வர வேண்டும். இப்படிச் சிலவற்றை மட்டும் தனியாகப் பழகிக்கொண்டால் போதும். முழுப் பட்டியலையும் சுமக்க வேண்டாம்.

சரி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் ஆயிற்று என்று கை காட்டுகிறார்கள். 'யூஸ்டு டு' பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 'ஐ யூஸ்டு டு வாக்' என்றால் முன்பெல்லாம் நடப்பேன். 'ஐயாம் யூஸ்டு டு வாக்கிங்' என்றால் நடந்து பழகிவிட்டேன். லெட், மேக் இரண்டுக்கும் பின்னால் 'டு'வும் வராது, 'இங்'கும் வராது: 'லெட் மீ கோ.' நன்றி, வணக்கம்.