சட்டை கழற்றும் நேரம்

நேயர்களுக்கு வணக்கம்.

வெள்ளை வெளேரென்று ஒரு கரப்பான்பூச்சியைப் பார்த்தால், ஏதோ புது இனம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். புது இனமெல்லாம் இல்லை. சற்றுமுன் சட்டை கழற்றிய கரப்பான்தான் அது. சில மணி நேரத்தில் பழுப்பேறிவிடும். நண்டு, இறால், சிலந்தி, தேள், மரவட்டை, வெட்டுக்கிளி எல்லாமே இப்படிச் சட்டை கழற்றித்தான் வளர்கின்றன. கணுக்காலிகள் என்பது இந்தக் கூட்டத்தின் பெயர். இதுவரை பெயரிடப்பட்ட விலங்கினங்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இவைதான்.

கைட்டின் என்ற உறுதியான நார்ப்பொருள் கலந்த மேலோடுதான் இவற்றுக்கு எலும்புக்கூடு. உடல் ஈரம் வற்றாமல் காப்பதும் அதுதான், தசைகளுக்குப் பிடிமானமும் அதுதான். ஆனால் உடல் பெருக்கும்போது ஓடு கூடவே பெருக்காது. அதனால் கழற்றியே ஆக வேண்டும்.

முதலில் தோல், பழைய ஓட்டிலிருந்து விலகும். இடையில் ஒரு திரவம் சுரந்து ஓட்டின் உள்ளடுக்கைக் கரைக்கும். கரைந்த சத்து வீணாகாமல் உடலுக்கே திரும்பும். அடியில் மடிப்பு மடிப்பாகப் புது ஓடு உருவாகும். பிறகு பூச்சி காற்றை விழுங்கி உடலை உப்பவைக்க, முதுகு நடுவே பழையது பிளக்கும். கால், உணர்கொம்பு மட்டுமல்ல, மூச்சுக்குழல்களின் உட்பூச்சும் உருவிக்கொண்டு வரும். நண்டு தண்ணீரை உறிஞ்சி உப்பும். பின்பக்கம் பிளக்க, அவ்வழியே பின்னோக்கி வெளியேறும். கரையில் கிடப்பது செத்த நண்டா, வெறும் சட்டையா என்று பார்க்க, பின்பக்கத்தைத் தூக்கிப் பாருங்கள். மூடிபோலத் திறந்து, உள்ளே சதையில்லாமல் இருந்தால் சட்டைதான்.

இந்தக் கட்டத்தில்தான் உயிர்ச்சேதம் அதிகம். காற்றில் ஈரம் குறைந்தால் கால் சிக்கிக்கொள்ளும். தலைகீழாகத் தொங்கிக் கடைசிச் சட்டையை உரிக்கும் வெட்டுக்கிளி கீழே விழுந்துவிட்டால், விரியாத சிறகு சுருங்கியபடியே இறுகிவிடும். அதற்குப் பிறகு திருத்த வழியில்லை. ஓடு இறுகாத இறாலைச் சக இறால்களே தின்னும். இறால் வளர்ப்பில் மறைவிடம் வைப்பது இதற்காகத்தான்.

சட்டை கழற்றலைத் தொடங்கிவைக்கும் ஹார்மோன் எக்டைசோன். பூட்டனன்ட், கார்ல்சன் என்ற விஞ்ஞானிகள் இருவரும் 1954-ல் அதைப் பிரித்தெடுத்தபோது, 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து கிடைத்தது 25 மில்லிகிராம்தான். அவ்வளவு சொற்பத்தில் வேலை செய்யும் பொருள் அது.

கழற்றிய சட்டைகள் எங்கே போகின்றன? கடலில் மீன்குஞ்சுகளுக்கு முக்கிய இரையான கோபிபாடுகள் என்ற நுண்ணிய கணுக்காலிகள், முட்டையிலிருந்து வந்து முதிர்வதற்குள் 11 முறை சட்டை கழற்றும். அத்தனையும் கீழே படிந்துகொண்டே இருக்கும். கைட்டினில் ஏறக்குறைய 7 சதவீதம் நைட்ரஜன். கைட்டினைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் இருப்பதால்தான் அந்த நைட்ரஜன் மீண்டும் உயிர்களுக்குக் கிடைக்கிறது. மண்ணில் அதே வேலையைப் பூஞ்சைகளும் சேர்ந்து செய்கின்றன.

கைட்டின் உருவாவதைத் தடுக்கும் பூச்சிமருந்துகளும் உண்டு. டைஃபுளூபென்சூரான் அதில் ஒன்று. கொசுப்புழு சட்டை மாற்ற முடியாமல் சாகும். முதுகெலும்புள்ளவற்றுக்குக் கைட்டின் ஓடு இல்லாததால் அவற்றுக்கு ஆபத்து குறைவு. ஆனால் புழுவின் ஓட்டுக்கும் இறாலின் ஓட்டுக்கும் அந்த மருந்துக்கு வேறுபாடு தெரியாது. குளத்தில் கலந்தால் கடுகளவே உள்ள டாப்னியா என்ற நீர்த்தெள்ளும் சாகும். நுண்பாசியை வடிகட்டித் தின்று தண்ணீரைத் தெளிவாக வைத்திருப்பது அதுதான். அது போனபின் பாசி பெருகித் தண்ணீர் பச்சையாகும். குளம், வாய்க்கால் ஓரம் மருந்து தெளிப்பவர்கள், லேபிளில் நீர்வாழ் உயிர்களைப் பற்றி எழுதியிருக்கும் எச்சரிக்கையை முதலில் படியுங்கள். காற்று தண்ணீர்ப் பக்கம் வீசும்போது தெளிக்காதீர்கள்.

வணக்கம்.