பாயைச் சுருட்டாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

யோகா வகுப்புக்குப் போனவர்களுக்கு இந்தக் காட்சி தெரிந்திருக்கும். முக்கால் மணி நேரம் குனிந்து நிமிர்ந்து முடித்த பிறகு, "எல்லாரும் மல்லாந்து படுங்க, சவாசனம்" என்பார் ஆசிரியர். உடனே பின்வரிசையில் பாய் சுருட்டும் சத்தம். அப்புறம் செருப்பு தேடும் சத்தம். வாசலில் ஒரு ஸ்கூட்டர் கிளம்பும். கேட்டால், "படுக்கிறதுக்கு வீட்ல கட்டில் இருக்கே சார்" என்பார்கள்.

இருபது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்; இந்த ஒரு மனக்குறை தீரவில்லை. மற்ற ஆசனமெல்லாம் இந்தப் படுக்கைக்குச் செய்யும் ஏற்பாடுதான் என்பது என் கட்சி. 15ஆம் நூற்றாண்டில் சுவாத்மாராமர் எழுதிய ஹடயோகப் பிரதீபிகை என்ற யோக நூல் இதற்கு ஒரே ஒரு சுலோகம்தான் ஒதுக்குகிறது. பிணம்போல் தரையில் மல்லாந்து கிட. களைப்பு போகும், மனம் ஓய்வு பெறும். அவ்வளவுதான்.

படிக்க எளிது, கிடப்பது எளிதல்ல. நான் ஒழுங்காகக் கிடந்த முதல் நாள் ஒரு கரண்ட் இல்லாத மத்தியானம். மின்விசிறி நின்றது. ஃபிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுக்கி அடங்கியது. அடங்கிய பிறகுதான் அதுவரை அது உறுமிக்கொண்டிருந்ததே தெரிந்தது! சரி, எனக்குள் என்ன ஓடுகிறது என்று பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். யார்மேல் கோபம்? காலையில் ஓர் ஆட்டோக்காரரோடு பத்து ரூபாய்க்குச் சண்டை. மணி மூன்றாகியும் என் தாடை அந்தப் பத்து ரூபாயை விடவில்லை. தாடையைத் தளர்த்தினேன், இரண்டு நிமிடத்தில் திரும்பக் கடித்திருந்தது. மறுபடி தளர்த்தினேன். மொத்தப் பயிற்சியும் இதுதான் நேயர்களே: கடித்திருப்பது தெரிய வேண்டும், விட வேண்டும். மறுபடி தெரிய வேண்டும், மறுபடி விட வேண்டும். எண்ணத்தை விரட்டினால் அது கூட நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வரும்.

கிடப்பது என்றதும் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது மதுரைச் சொக்கப்ப நாயக்கன் தெரு. 1896 ஜூலை. சித்தப்பா வீட்டு மாடியில் பதினாறு வயதுப் பள்ளி மாணவர் வேங்கடராமன். உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் திடீரென்று மரண பயம். யாரையும் கூப்பிடவில்லை. கைகால்களை நீட்டிப் படுத்தார், உதட்டை இறுக மூடிக்கொண்டார். இந்த உடம்பு செத்தால் நானும் சாவேனா என்று உள்ளே பார்த்தார். செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தார். பிறகு பல காலம் அங்கே பேச்சே அபூர்வம். ரமண மகரிஷி என்று உலகம் அறிந்தவர் அவர்தான். அவருக்கு வாய்த்தது நமக்கும் வாய்க்கும் என்று ஆசை காட்ட நான் வரவில்லை. பயம் வந்ததும் எழுந்து ஓடாமல் படுத்தாரே, அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன். நமக்கு ஐந்து நிமிடம் கிடக்கச் சொன்னாலே செருப்பு ஞாபகம் வருகிறது.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவர், ஒரு நிமிடம்தான் பாக்கி என்று ஒரு விரலைக் காட்டுகிறார். பூரகம், அதாவது மூச்சை இழுப்பது 16, கும்பகம், அதாவது அடக்குவது 64, ரேசகம், அதாவது விடுவது 32 என்று திருமூலர் சொன்ன மூச்சுக் கணக்கை நிதானமாகப் பேச நினைத்திருந்தேன், நடக்காது. சுருக்கமாக: கணக்கு தெரிந்துவிட்டதென்று நீங்களாக மூச்சை அடக்காதீர்கள், ரத்தக் கொதிப்பு, இதய நோய் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். இழுப்பதைவிட விடுவது கொஞ்சம் நீளமாக இருக்கட்டும், போதும். மூச்சு வெளியே போகும்போது இதயத் துடிப்பு லேசாகத் தணியும். நிறைமாதக் கர்ப்பிணிகள் மல்லாந்து படுக்காமல் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுங்கள். எழும்போது சடாரென்று எழாமல், பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி... நேரம் முடிந்துவிட்டதாம். வணக்கம்.